வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

லுவாங்வா ஆற்றங்கரை, சாம்பியா
3.8.2025

இஞ்சாருங்கோ,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றக் கதை. உங்களுடைய கலியாண வீட்டுச் சப்பாத்தில் ஒன்றைக் கழுதைப்புலி கொண்டு போய்விட்டது. அந்த மண்ணிறச் சப்பாத்து. வலது கால்.

அது எப்படி ஆபிரிக்காவுக்கு வந்தது என்று கேட்பீர்கள். நீங்கள் கதிரையை விட்டு எழும்பமாட்டேன் என்று இருந்த காலையில், காப்காரன் வாசலில் ஹோன் அடித்துக்கொண்டு நின்றபோது, உங்கள் பெட்டியையும் சேர்த்து ஏற்றிவிட்டேன். கடைசி நேரத்தில் மனம் மாறிப் பின்னால் ஓடி வருவீர்கள் என்று நினைத்தேன். ஹீத்ரோ வரைக்கும் பின்கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். கழுத்துப் பிடித்ததுதான் மிச்சம்.

இங்கே எனக்குத் தந்திருப்பது ஆற்றங்கரையில் ஒரு கூடாரம். கதவு கிடையாது, சிப் இழுத்து மூடுகிற துணிதான். தனியாக ஒரு பொம்பிளை படுக்கிற இடம். அதனால் உங்கள் சப்பாத்தை எடுத்து வாசலில் வடிவாகச் சோடியாக வைத்தேன். லண்டனில் முதல் இருந்த பிளேஸ்டோ பிளாட்டில் நீங்கள் நைற் ஷிப்ட் போகிற நாட்களில் அப்படித்தானே செய்வேன், ஆம்பிளை உள்ளே இருக்கிறார் என்று வருகிறவன் போகிறவன் நினைக்கட்டும் என்று. பிளேஸ்டோவில் அது வேலை செய்தது. கழுதைப்புலிக்கு உங்களைத் தெரியாது.

விடிய எழும்பிப் பார்த்தால் ஒன்றுதான் கிடக்கிறது. மேனுஷா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அம்மா, வெளியில ஒண்டும் வைக்காதேங்கோ எண்டு நான் முதல் நாளே சொன்னனான்தானே!" "சாப்பாடு வைக்காதேங்கோ எண்டுதானே சொன்னனீ, சப்பாத்தைச் சொல்லேல்லையே" என்றேன். தோல் சாமான் என்றால் அதுக்குச் சாப்பாடுதானாம். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் சனம் எங்கே போனாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகும்.

இந்தக் கடிதம் உங்களுக்கு வருவது பண்டாவின் உபயம். இங்கே ஜீப் ஓட்டுகிறவர். பேரைக் கேட்டதும் சிங்களவராக்கும் என்று ஓர் அடி பின்னால் வைத்தேன், ஆனால் இல்லை, இந்தப் பக்கம் பாதிப்பேருக்குப் பண்டா என்றுதான் பேராம். காட்டுக்குள் போன் வேலை செய்யாது. அவர் மரக்கறி வாங்க டவுனுக்குப் போகும்போது இந்தக் கடதாசியைப் படமெடுத்து அங்கிருந்து உங்கள் போனுக்கு அனுப்புவார். நீங்களும் எழுதிப் படமெடுத்து அவருக்கே அனுப்புங்கள். என்னோடு போனில் கதைக்கமாட்டேன் என்று சொன்னவருக்கு இது வசதிதானே. என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், ஆறாம் வகுப்போடு நின்ற எழுத்து.

பிள்ளை பாமசி வேலையை விட்டு இங்கே வந்து இரண்டு வருஷம். நீங்கள் அவளோடு பேசாமல் விட்டும் அதே இரண்டு வருஷம். இப்போது இந்த முகாம் முழுவதும் அவள் பொறுப்பில். அவளுக்கென்று புதுக் கூடாரம் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். "புது இடம், பால் காய்ச்சுவமோ?" என்று கேட்டேன். "அப்பா இல்லாமலோ?" என்றுவிட்டு ஜீப்புக்கு எண்ணெய் விடப் போய்விட்டாள். பால்பேணி திறக்காமல் அப்படியே இருக்கிறது.

நான் முப்பதாம் தேதி வெளிக்கிட வேண்டும், ஸ்கூல் கிச்சன் திறந்துவிடும். என் கூடாரத்தில் இரண்டு கட்டில். ஒன்று சும்மா கிடக்கிறது. அதுக்கும் ஒவ்வொரு பின்னேரமும் போர்வை விரித்துவிட்டுப் போகிறார்கள். யார் சொல்லி என்று நான் கேட்கவில்லை.

ஈஸ்வரி


செவன் கிங்ஸ், லண்டன்
10.8.2025

ஈஸ்வரிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பண்டா என்பவரின் பெருவிரலும் படத்தில் விழுந்திருப்பதால் இரண்டு வரி வாசிக்க முடியவில்லை. அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் ஏற்றுக்கொள்கிறேன். கேட்கவில்லையென்றால் அதையும் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

அந்தச் சப்பாத்தை நான் கட்டிலுக்குக் கீழே, படிக்குக் கீழே, கராஜில் எல்லாம் தேடினேன். நேற்று நோர்பரியில் பரமேஸ்வரன் அண்ணையின் மகன் துஷாந்தனின் கலியாணம் என்பது உமக்குத் தெரியும். நீர்தான் கலண்டரில் வட்டம் போட்டீர். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, முன்பக்கம் இரும்பு வைத்த வேர்ஹவுஸ் சப்பாத்தோடு போனேன். மண்டப வாசலில் மற்றவர்களின் சப்பாத்துகளோடு கழற்றி வைத்தேன். அதை ஒருவரும் கொண்டு போகவில்லை.

சாப்பாட்டு மேசையில் அண்ணையின் மனைவி பிரமிளா அக்கா பிடித்துக்கொண்டார். "எங்கை ஈஸ்வரி? எங்கை பிள்ளை?" உமக்குக் காய்ச்சல் என்றும் பிள்ளைக்குப் பாமசியில் வேலை என்றும் சொன்னேன். அவர் போனை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். "அப்ப இதார்?" அதில் எங்கள் பிள்ளை தொப்பி போட்டுக்கொண்டு ஆட்களைக் கூட்டிப் போகிறாள். பின்னால் பற்றையடியில் சிங்கம் கிடக்கிறது. போன் மேசையைச் சுற்றிப் போய்த் திரும்பி வந்தது. "இப்பிடி ஒரு பிள்ளையை வைச்சுக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறீரே, யோகராஜா!" என்றார் அண்ணை. நான் பாயாசத்தைக் குடித்தேன்.

அந்தச் சிங்கம் எவ்வளவு தூரத்தில் கிடந்தது? அக்கறையால் கேட்கவில்லை. இனி ஆட்கள் கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும்.

நான் ஏன் வரவில்லை என்று உமக்குத் தெரியும். தெரியாதது போல டிக்கெட்டை மேசையில் வைத்தீர்கள், தாயும் மகளும். கிளிநொச்சி அகதி முகாமில் தறப்பாளுக்குக் கீழே பிறந்த பிள்ளை அவள். மழைக்குத் தறப்பாளில் தண்ணீர் தேங்கும். தேங்கினால் பிய்ந்து கொண்டு பிள்ளையின் மேல் விழும். இரவிரவாக நின்று தடியால் குத்திக் குத்தி அந்தத் தண்ணீரை வெளியே தள்ளினேன். கூரை உள்ள வீட்டில் இவள் படுக்க வேண்டும் என்றுதான் இங்கே வந்து இவ்வளவு காலம் பெட்டி தூக்கினேன். அவள் தானாகப் போய்த் துணிக்குக் கீழே படுக்கிறாள். அதைப் பார்க்கவும் என்னைக் கூப்பிடுகிறாள். அதுக்குக் காசும் வாங்குகிறார்கள். நான் முகாமில் படுத்தது போதும்.

இந்த இடத்தில் ஒரு வரியை வெட்டியிருக்கிறேன். அதை வாசிக்க முயல வேண்டாம்.

யோகராஜா


லுவாங்வா
14.8.2025

இஞ்சாருங்கோ,

வெட்டின வரியைப் பண்டாவின் போனில் இரண்டு விரலால் பெரிதாக்கி வாசித்தேன். இல்லை, மெலியவில்லை. கறுத்திருக்கிறாள். தோள் உங்களைப் போல அகன்றிருக்கிறது. மூன்று நேரமும் சாப்பிடுகிறாள்.

சிங்கம் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் உள்ள தூரத்தில் கிடந்ததாம். படத்தில் அப்படிக் கிட்டத்தில் தெரிகிறதாம். சாப்பிட்டு முடித்து, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நீங்கள் சோபாவில் கிடக்கிற மாதிரிக் கிடந்ததாம். எழும்புகிற யோசனையே இல்லையாம். பிரமிளா அக்காவுக்கு இதை இப்படியே சொல்லுங்கள்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. குளிக்கிறதுக்கு ஒரு தகர வாளியில் சுடுதண்ணீர் விட்டு மரக்கொப்பில் தூக்கிவிடுவார்கள். கயிற்றை இழுத்தால் பூவாளி மாதிரிக் கொட்டும். கக்கூசு குழிதான், மேலே வானம். இரவில் வெளியே போக வேண்டுமென்றால் தனியப் போகக் கூடாது, ரோச் லைற்றை ஆட்டினால் காவலாள் வந்து கூட்டிப் போவார். அவர் கொஞ்சம் தள்ளி நின்று மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடுவார், எனக்கு வெட்கமாயிருக்கக் கூடாதாம். இவ்வளவு மரியாதையாக உங்களுடைய சகோதரங்கள்கூட என்னை நடத்தியதில்லை.

லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்காரச் சோடியும் நிற்கிறது. வாளித்தண்ணீரில் குளித்துவிட்டு வந்து அந்த மனுசி என் கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் இப்படி ஓர் அனுபவம் கிடைக்காது என்று கண்கலங்கினது. எனக்கு ஆறு வருஷ அனுபவம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. காசு குடுத்து வந்தவையின் மனத்தை ஏன் நோகடிப்பான்?

வேலையாட்கள் சாப்பிடுகிற இடத்தில்தான் எனக்குச் சாப்பாடு. சோள மாவில் கிண்டின களி, கீரை, அதோடு பொரித்த சின்னக் கருவாடு. கருவாட்டைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அச்சொட்டாக எங்கள் நெத்தலி. பண்டா ஒரு கை நிறைய அள்ளி வைத்தார். மிளகாய்த்தூள்தான் இல்லை.

ஒரு விஷயம் பகிடி இல்லாமல் எழுதுகிறேன். துணி காற்றில் படபடவென்று அடிக்கிற சத்தத்துக்கு எனக்கும் முதல் இரண்டு நாள் கண் மூடவில்லை. எழும்பி மற்றக் கட்டிலில் போய் இருந்தேன். பிறகு யோசித்தேன். அந்தத் தறப்பாளை விட்டு எழும்பிப் போக எங்களுக்கு இடம் இருக்கவில்லை. இங்கே முப்பதாம் தேதி பிளேன் இருக்கிறது. பிள்ளைக்கும் அப்படித்தான், வேண்டாமென்றால் நாளைக்கே வருவாள். அதை நினைத்த பிறகு நித்திரை வந்தது.

உங்கள் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் பேச வரும், வாசிக்க வராதுதானே. வேண்டிய இடங்களை வாசித்தேன். தடியால் தண்ணீரைத் தள்ளின கதை அவளுக்குத் தெரியாதாம். நாங்கள் எங்கே சொன்னோம்? சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "உண்மையா அப்பாதான் எழுதினவரோ?" என்றாள்.

"பின்னை பண்டாவோ எழுதினவர்?" என்றேன்.

ஈஸ்வரி


செவன் கிங்ஸ்
17.8.2025

ஈஸ்வரிக்கு,

எந்த எந்த இடங்களை வாசித்தீர் என்று உடனே எழுதவும். அது உமக்கு எழுதிய கடிதம். தடிக்கதை பிள்ளைக்கு எழுதியதல்ல.

கீழ் வருவனவற்றையும் கேட்டு எழுதவும். அவளுடைய கூடாரத்துக்கு மேல்துணி ஒன்றா, இரண்டா? நடுவில் மரம் கொடுத்து உயர்த்தியிருக்கிறார்களா, இல்லையென்றால் தட்டையாக இழுத்திருக்கிறார்களா? ஓகஸ்டில் அங்கே மழை இல்லையென்று வாசித்தேன். கார்த்திகையில் தொடங்குமாம். அப்போது அவள் எங்கே படுப்பாள்?

டிக்கெட் கொம்பனிக்குப் போன் எடுத்தேன். போகாமல் விட்ட டிக்கெட்டுக்கு இன்னொரு நாள் தருவார்களாம், கொஞ்சம் மேலதிகமாகக் கட்ட வேண்டுமாம். இதை ஒரு தகவலுக்காகத்தான் விசாரித்தேன்.

இடது கை வீங்கியிருக்கிறது. ஊசி போட்டது. வேலை இடத்தில் எல்லோரையும் போடச் சொன்னார்கள்.

புதுச் சப்பாத்து இன்னும் வாங்கவில்லை. கடையில் அளவு கேட்டார்கள். அளவு தெரிந்த ஆள் வீட்டில் இல்லை.

யோகராஜா


லுவாங்வா
20.8.2025

இஞ்சாருங்கோ,

ஒன்பது. காலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள், எட்டரையைத் தந்து ஏமாற்றுவான்கள்.

வேர்ஹவுஸில் பெட்டி தூக்குகிறவைக்கு மலேரியாக் குளிசையும் தந்தார்களோ? தராவிட்டால் நீங்களே டொக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

மேல்துணி ஒன்றுதானாம். தட்டையாகத்தான் இழுத்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் முகாமைப் பூட்டிவிடுவார்களாம், காவலுக்கு மேனுஷாவும் இன்னும் இரண்டு பேரும் நிற்பார்களாம். "அப்பா ஏன் இதெல்லாம் கேக்கிறார்?" என்றாள். "தகவலுக்காக" என்றேன்.

நீங்கள் வருகிறீர்கள் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆகவே இதுவும் தகவலுக்காகத்தான். உங்கள் பெட்டி இங்கேயே இருப்பதால் வருகிற ஒருவர் கையை வீசிக்கொண்டு வரலாம். இரவில் கட்டுகிற சாரத்தை மட்டும் நம்பி வரக் கூடாது, பண்டா வடிவாக இருக்கிறதென்று சொன்னார், கொடுத்துவிட்டேன். கறித்தூள் ஒரு பெரிய பை, மிளகாய்த்தூள் ஒரு பை, இரண்டையும் மூன்று பொலித்தீனில் சுற்ற வேண்டும். முதுகுக்கு ஒரு தலையணை, பாதை அப்படி.

இருபத்தைந்தாம் தேதி காலையில் பண்டா விமான நிலையத்துக்குப் போகிறார். ஒருவரையும் கூட்டி வர அல்ல. அங்கே வெங்காயம் மலிவாம்.

ஈஸ்வரி


லுவாங்வா
3.9.2025

ஈஸ்வரிக்கு,

நீர் சுகமாகப் போய்ச் சேர்ந்த செய்தியைப் பண்டா நேற்றுக் கொண்டு வந்தார். என் சாரத்தைக் கட்டிக்கொண்டுதான் கொண்டு வந்தார்.

உம்மோடு சேர்ந்து வெளிக்கிடாமல் நான் ஏன் நின்றேன் என்று நீர் பிளேனில் யோசித்திருப்பீர். லீவு எடுத்தாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. அதுதான் காரணம்.

பால் காய்ச்சிய சட்டி இன்னும் அடிப்பிடித்தபடி இருக்கிறது. பொங்கி வழிந்தால் நல்லது என்று விறகை மேலும் மேலும் தள்ளியவர் நீர். மண்ணும் சாம்பலும் போட்டு நான்கு நாளாகத் தேய்ப்பவன் நான். முதல் இரவு என் கட்டிலில் நடந்ததை லண்டனில் ஒருவருக்கும் சொல்ல வேண்டாம். கால்மாட்டில் இளஞ்சூடாக ஏதோ ஒன்று அசைந்தால் எவரும் அடிக்கத்தான் செய்வார். சுடுதண்ணீர்ப் பை வைப்பார்கள் என்று முன்பே எழுதியிருக்க வேண்டியவர் நீர். புதுப் பைக்கு நான் பொறுப்பேற்றிருக்கிறேன்.

துணிச் சத்தம் எனக்கும் கேட்கிறது. நீர் எழுதியபடியே செய்து பார்த்தேன், என் பிளேன் எத்தனையாம் தேதி என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். கொஞ்சம் உதவுகிறது. முழுவதும் அல்ல.

நேற்று அவளுடைய கூடாரத்தின் மேல்துணியை இறக்கி, நடுவில் மரம் கொடுத்து, தண்ணீர் இரண்டு பக்கமும் வழியும்படி திரும்பக் கட்டினோம். நான் முடிச்சுப் போட, அவள் மற்றத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீர் இருந்த நாட்களில் நாங்கள் இரண்டு பேரும் பேசியதெல்லாம் உம்மைப் பற்றித்தான் என்பதைக் கவனித்திருப்பீர். நேற்றுத்தான் அவள் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் எழுதினதை அம்மா எனக்கு வாசிச்சுக் காட்டினவா."

"தடிக்கதையோ?"

"அதுவும்தான். மற்றதும். 'பிள்ளையின்ரை படத்தைக் கலியாண வீட்டில எல்லாரும் பாக்க, நான் தலை நிமிர்ந்து இருந்தன்' எண்டு எழுதினீங்களாம்."

நான் பாயாசம் குடித்ததாகத்தான் எழுதியிருந்தேன்.

"வேற என்ன வாசிச்சவா?"

"'ரெண்டு வருஷம் பேசாமல் விட்டது என்ரை பிழை. அவள் எங்கை படுத்தாலும் பயமில்லாமல் படுத்தால் எனக்குக் காணும்' எண்டு." கயிற்றைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தாள். "உண்மையா நீங்கள்தான் எழுதினதோ?"

ஈஸ்வரி, முப்பது வருஷமாக நீர் என்னை வைத்துப் பகிடி விடுகிறீர். இது எல்லாவற்றிலும் பெரிய பகிடி. இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்" என்றேன். பிறகு, "இழுத்துப் பிடி பிள்ளை, தொய்யுது" என்றேன்.

அவள் இழுத்துப் பிடித்தாள். பொழுதுபடுவதற்குள் கட்டி முடித்துவிட்டோம். பிறகு நான் இரண்டு வாளி தண்ணீரை மேலே ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டும் நிற்கவில்லை. இரண்டாம் முறை அவள் ஊற்றினாள்.

நீர் வாசித்தவற்றையெல்லாம் நான் எழுதியதாகவே எடுத்துக்கொள்ளலாம். எனக்குச் சம்மதம். இனிமேல் நான் என்ன எழுதினேன் என்பதை எனக்கும் ஒருமுறை அறியத் தரவும்.

இன்னும் இரண்டு கிழமை நிற்பதாக வேலை இடத்துக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். மற்றக் கூடாரங்களின் துணியும் தட்டையாகத்தான் கிடக்கிறது.

யோகராஜா


செவன் கிங்ஸ்
7.9.2025

இஞ்சாருங்கோ,

பண்டாவின் போன் கண்ணாடியில் வெடிப்பு, எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. ஒன்றிரண்டு சொல் மாறி வாசித்திருப்பேன். ஆறாம் வகுப்புப் படித்தவளை வாசிக்க விட்டது உங்கள் பிழை.

தலை நிமிர்ந்து இருந்ததாக வாசித்தது மட்டும் மங்கலில் வாசித்ததல்ல. சிங்கம் எவ்வளவு தூரம் என்று கேட்ட மனுசன் வேறெப்படி இருந்திருப்பார்?

ஸ்கூல் கிச்சன் திறந்துவிட்டது. புது மனேஜர் பிள்ளை, லீவுக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டது. கூடாரத்தில் படுத்தேன் என்றேன். பாவம், வீட்டுப் பிரச்சினையாக்கும் என்று நினைத்து எனக்குப் பெரிய துண்டாக அப்பிள் பை வெட்டித் தந்தது. சாப்பிட்டுவிட்டேன். பிரமிளா அக்கா காய்ச்சல் எப்படி என்று கேட்டு ரசமும் கொண்டு வந்தார். அதையும் குடித்துவிட்டுத்தான் உண்மையைச் சொன்னேன். மேனுஷாவின் படம் இன்னும் இருந்தால் தரட்டாம், தங்கச்சிக்குக் காட்ட வேண்டுமாம். பெரிதாக ஒன்று அனுப்பச் சொல்லுங்கள், சிங்கம் இல்லாமல், நீங்களும் நிற்கிறதாக.

இரண்டு கிழமை என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று என்றாலும் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மலேரியாக் குளிசையை மட்டும் மறக்காமல் போடுங்கள். கருவாட்டுக்கு மிளகாய்த்தூளை அளவாகப் போடுங்கள், பண்டா பழக்கமில்லாத மனுசன்.

நீங்கள் இல்லாமல் இந்த வீட்டில் நான் தனியப் படுக்கிறது இதுதான் முதல் தரம். பின்பக்கம் ஒழுங்கை வேறு. அதனால் உங்களுடைய தோல் செருப்பை எடுத்துப் பின் வாசலில் சோடியாக வைத்தேன், ஆம்பிளை உள்ளே இருக்கிறார் என்று நினைக்கட்டும் என்று.

நேற்றுக் காலையில் திறந்து பார்த்தால் ஒன்றுதான் கிடந்தது. பக்கத்து வீட்டு மங்கலம் அக்கா ஜன்னலால் பார்த்தவவாம். நரி. வேலிக்குக் கீழே உள்ள ஓட்டையால் கொண்டு போய்விட்டதாம். இது இடது கால்.

அங்கே மிஞ்சின இடது சப்பாத்தை எறிந்துவிட வேண்டாம். இங்கே வலது செருப்பு இருக்கிறது. வரும்போது கொண்டு வாருங்கள்.

ஈஸ்வரி